தென்னை ஏறும் பெல்ட்: முதலில் பக்கிளைப் பாருங்கள்

ஆனைமலைப் பக்கம் 80 தென்னை வைத்திருக்கும் ஒரு பெண் விவசாயி, தன் தோப்பில் காய் பறிக்க வருபவருக்காகப் பாதுகாப்பு பெல்ட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினார். நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை வந்து ஏறும் ஆள். கருவியில் ஏறுகிறவர்தான். ஆனாலும் அவர் வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். உச்சியில் கால் வழுக்கினால் என்ன ஆவது என்ற கவலை தோப்புக்காரருக்கு இருந்தது. பெல்ட் வந்து சேர்ந்தது. ஆரஞ்சு நிறம், அகலமான பட்டை, பார்வைக்குப் பலமாகத்தான் இருந்தது. மரம் ஏறுபவர் அதைக் கையில் வாங்கி, இடுப்புப் பக்கிளை இரண்டு விரலால் அமுக்கினார். ‘டக்’கென்று கழன்று கொண்டது.

“ஏனுங்க அக்கா, இது பையனோட ஸ்கூல் பையில இருக்கற லாக்காட்டவே இருக்குதுங்களே. இதுலயா தொங்கறது?”

“இருநூறு கிலோ தாங்கும்னு போட்டிருக்குது தம்பி.”

“சும்மா தொங்குனா தாங்குமுங்க. விழுந்தா?”

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். 70 கிலோ எடையுள்ள ஒருவர் பெல்ட்டில் அசையாமல் தொங்கும்போது பக்கிளுக்கு வரும் சுமை 70 கிலோதான். அவரே ஒரு மீட்டர் உயரம் விழுந்து, கயிறும் பட்டையும் பத்து சென்டிமீட்டர் இழுபட்டு நின்றால், அந்த நொடியில் பெல்ட் தாங்க வேண்டிய விசை சராசரியாகவே 770 கிலோ எடைக்குச் சமம். கயிறு இழுபடாத வகையாக இருந்தால் இன்னும் கூடும். அதனால்தான் முழு உடல் பெல்ட்டுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 361, பெல்ட்டை 15 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 1,500 கிலோ விசையில் இழுத்துச் சோதிக்கச் சொல்கிறது. இந்தியாவில் இத்தகைய பெல்ட்டுகளுக்கான தரம் ஐ.எஸ். 3521. பெல்ட்டில் தைத்திருக்கும் துணிச் சீட்டில் தர எண்ணும், தயாரித்த மாதமும் வருடமும் இருக்க வேண்டும். சீட்டே இல்லாத பெல்ட்டை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

பட்டை அறுந்து விழுவது அரிது. அகலமான நைலான் பட்டையும் பாலியஸ்டர் பட்டையும் டன் கணக்கில் தாங்கும். கோளாறு பெரும்பாலும் பட்டை சேரும் இடத்தில்தான், அதாவது பக்கிளிலும், அதன் பக்கத்துத் தையலிலும். தானாகத் திறந்து கொள்ளும் பக்கிள், சிறிது சிறிதாகப் பட்டையை நழுவ விடும் பக்கிள், இரண்டுமே ஆபத்து. இதில் இரண்டாவது வகை கண்ணுக்குத் தெரியாது.

பக்கிளில் எத்தனை வகை

இரு பக்கமும் அமுக்கினால் கழலும் பிளாஸ்டிக் லாக்கை உயிரைத் தாங்கும் இடத்தில் வைக்கவே கூடாது. வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெளியே பார்த்தால் புதிதாகவே தெரியும். தோள்பட்டை விலகாமல் இருக்கவோ, அரிவாள் உறையை மாட்டவோ பிளாஸ்டிக் இருந்தால் தவறில்லை. ஆள் விழும்போது சுமை அந்த வழியாகப் போகுமா என்று மட்டும் பாருங்கள். போகும் என்றால் வேண்டாம்.

அடுத்தது, லாரியில் சரக்கு கட்டும் பட்டையில் வருவது. கட்டை விரலால் ஒரு நாக்கை அழுத்தினால் பட்டை விடுபடும். இரும்பில் இருப்பதால் பலர் நம்பிவிடுகிறார்கள். பழைய சரக்குப் பட்டையை வெட்டி பெல்ட் தைத்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு. உச்சியில் மட்டைக்கும் மரத்துக்கும் இடையே உடம்பை நுழைக்கும்போது, மட்டையின் அடிக்கட்டையே அந்த நாக்கை அழுத்திவிடலாம். மூட்டை விழுந்தால் எடுத்துக் கட்டலாம் என்ற கணக்கில் செய்த பொருள் அது.

மூன்று கம்பி உள்ள சட்டத்துக்குள் பட்டையை நுழைத்து இழுக்கும் வகை பழையது, மலிவானது. சரியாகப் போட்டால் நல்லதும்கூட. ஆனால் ஒருமுறை நுழைத்து இழுத்தால் போதாது. வெளியே வந்த நுனியைத் திருப்பி மறுபடியும் அதே சட்டத்துக்குள் செருக வேண்டும். அதன்பின் நுனி நான்கு விரல் அகலமாவது வெளியே நீட்டிக் கொண்டிருக்க வேண்டும். திருப்பிச் செருகாத பட்டை, இழுத்துப் பார்க்கும்போது இறுக்கமாகவே இருக்கும். ஏறி இறங்கும் அசைவில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். புதுப் பட்டையின் வழுவழுப்பில் இன்னும் வேகமாக நழுவும். அவசரத்தில் திருப்பிச் செருக மறப்பது மனித இயல்பு. ஒரு நாளைக்கு ஐம்பது மரம் ஏறுகிறவர் காலையில் ஐந்தரை மணி இருட்டில் பெல்ட் போடுகிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த வகை வாங்கினால், மறக்காத பழக்கத்தையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஒரு தகட்டைச் சாய்த்து இன்னொரு சட்டத்துக்குள் நுழைத்து நேராக்கும் ஜோடிப் பக்கிளும் பரவலாகக் கிடைக்கிறது. சுமை இருக்கும்வரை இது கழலாது. பட்டை தளர்ந்து, தகடு சாய்ந்தால் வெளியே வந்துவிட வாய்ப்புண்டு. எனவே கால் வளையத்தில் இந்த வகை இருந்தால் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். கருவியை மிதித்து ஏறும்போது தொடை சுருங்கி விரிவதில் பட்டை தளரும். மார்பிலும் இடுப்பிலும் இந்தத் தொல்லை குறைவு.

இடுப்பு பெல்ட்டைப் போல, துளைக்குள் முள் போகும் பக்கிள் நம் ஊர் வேலைக்கு நன்றாகப் பொருந்துகிறது. முள் துளையில் இருக்கிறதா இல்லையா என்று கீழே நிற்பவர்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம். நழுவும் பேச்சே இல்லை. மண்ணோ பன்னாடைத் தூசியோ உள்ளே போய் அடைக்க இடமும் இல்லை. துளைகளுக்கு உலோக வளையம் அடித்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. தனக்கு ஏற்ற இடத்தில் துளை இல்லையென்று ஆணியைப் பழுக்கக் காய்ச்சிப் புதுத் துளை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சூட்டில் இழைகள் உருகி அறுந்துவிடும். அன்றோடு அந்தப் பட்டையின் பலம் போயிற்று. அளவு சரியில்லை என்றால் வேறு அளவு பெல்ட் வாங்குவதைத் தவிர வழியில்லை.

கடைசியாக, உலோகத்தில் செய்த ‘கிளிக்’ பக்கிள். இரு பக்க நாக்கையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் திறக்கும். நல்ல பொருள், விலையும் அதிகம். பன்னாடை நாரும் மணலும் நாக்குக்கு அடியில் புகுந்தால் பாதி மட்டும் பூட்டிக்கொண்டு நிற்கும். எனவே ‘கிளிக்’ சத்தத்தைக் கேட்பதோடு விடாமல், பூட்டியபின் இழுத்தும் பார்க்க வேண்டும்.

கையில் காசு அளவாக இருக்கும் விவசாயி, காலுக்கு முள் பக்கிளும் மார்புக்கு ஜோடிப் பக்கிளும் உள்ள முழு உடல் பெல்ட்டைத் தேடுவது நல்லது. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் விலை குறைவுதான். இரு பக்க டி-வளையத்தில் கயிறு மாட்டி, மரத்தோடு சாய்ந்து நின்று வேலை செய்ய அது உதவும். விழுகிறவரைத் தாங்கிப் பிடிக்க அது ஏற்றதல்ல. விழும் வேகம் முழுவதும் வயிற்றிலும் முதுகுத்தண்டிலும் இறங்கும். உடம்பு தலைகீழாகப் புரண்டால் பெல்ட்டிலிருந்தே நழுவவும் கூடும்.

கொக்கியும் கயிறும்

பக்கிளை நல்லதாக வாங்கிவிட்டு, கயிற்றை மாட்டச் சாவிக்கொத்து வளையத்தைப் பயன்படுத்துவதும் நடக்கிறது. சைக்கிள் கடையில் வண்ண வண்ணமாகத் தொங்கும் அலுமினியக் கொக்கிகள் சாவிக்குத்தான். ஆளைத் தாங்கும் கொக்கியின் உடம்பில் எத்தனை கிலோநியூட்டன் என்று பொறித்திருக்கும். நீளவாக்கில் 20க்கு மேல் இருக்க வேண்டும். குறுக்கு வாக்கில் அதே கொக்கி சுமார் மூன்றில் ஒரு பங்குதான் தாங்கும். அதனால் கொக்கி டி-வளையத்தில் குறுக்காகத் திரும்பி நிற்கக் கூடாது. வாய் தானாக மூடிக்கொள்ள வேண்டும், மூடியபின் பூட்டிக்கொள்ளவும் வேண்டும். திருகிப் பூட்டும் வகை மரத்தில் உரசி உரசித் திருகு கழலக்கூடும் என்பதால், தானாகப் பூட்டும் வகை மேல்.

மரத்தைச் சுற்றும் கயிறு தொய்வில்லாமல் இருக்க வேண்டும். தென்னையில் கிளை இல்லை. வெறுமனே சுற்றிய கயிறு ஆளோடு சேர்ந்து கீழே சறுக்கும். எடை விழுந்தால் மரத்தைச் சுருக்காக இறுக்கும் விதத்தில் மாட்டுவதே சரி. எக்காரணம் கொண்டும் மட்டையில் கட்டக் கூடாது. அரிவாள் வீசும் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கயிறு ஓடாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். இறுகி நிற்கும் கயிறு ஒரே வெட்டில் அறுந்துவிடும்.

பனை ஏறுகிறவர்களின் தளைநாரில் பக்கிளே கிடையாது. நாரைத் தானே முறுக்கி, தானே முடிந்து, ஏறும் முன் முடிச்சை விரலால் தடவிப் பார்ப்பார்கள். கடையில் வாங்கிய பெல்ட்டை அப்படித் தடவிப் பார்க்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

தரையிலேயே ஒரு சோதனை

புது பெல்ட்டோடு நேராக உச்சிக்குப் போக வேண்டாம். எல்லாப் பக்கிளையும் பூட்டியபின், ஒவ்வொரு பக்கிளின் ஓரத்திலும் பட்டையின் மேல் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கால் பட்டைக்கும் தொடைக்கும் இடையே விரித்த கை நுழைய வேண்டும், முஷ்டி நுழையக் கூடாது. பிறகு உறுதியான வேப்ப மரக் கிளையிலோ, களத்து இரும்பு உத்தரத்திலோ கயிற்றை மாட்டி, பாதம் தரையைவிட்டு ஒரு சாண் மட்டும் உயரும்படி ஐந்து நிமிடம் தொங்குங்கள். கையைக் காலை அசையுங்கள். இறங்கியதும் கோட்டைப் பாருங்கள். கோடு பக்கிளைவிட்டு விலகியிருந்தால் பட்டை நழுவுகிறது என்று பொருள். பூட்டியதில் தவறா என்று பார்த்து மறுபடி தொங்கிப் பாருங்கள். இரண்டாம் முறையும் விலகினால் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெண்களும் மெலிந்தவர்களும் வாங்கும்போது இந்தச் சோதனையில்தான் அளவு பொருந்தாதது தெரிய வரும்.

ஆனைமலை தோப்பில் நடந்ததும் இதுதான். பிளாஸ்டிக் லாக் பெல்ட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்து வாங்கிய பெல்ட்டைக் களத்தில் தொங்கிப் பார்த்தார் மரம் ஏறுபவர். வலது கால் பட்டையில் கோடு ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தது. நுனியைத் திருப்பிச் செருகாமல் விட்டிருந்தார். “கீழயே தெரிஞ்சதுங்க அக்கா, நல்லதாப் போச்சு” என்றாராம்.

பராமரிப்பில் சில தவறுகள் வழக்கமாகிவிட்டன. பெல்ட்டைப் பூச்சிமருந்து டப்பாவோடும் டிராக்டர் பேட்டரியோடும் ஒரே அறையில் போடுகிறார்கள். பேட்டரி அமிலம் ஒரு சொட்டு பட்டாலே நைலான் இழை அரித்துவிடும். பக்கிள் இறுகினால் கரி ஆயில் விடுகிறார்கள். எண்ணெயில் மணல் ஒட்டி இன்னும் இறுகும். தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும், நிழலில் உலர்த்த வேண்டும். இராமநாதபுரம், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் பக்கிளின் முலாம் சீக்கிரம் போய்த் துரு ஏறும். துரு ஏறிய பக்கிளின் சொரசொரப்பு பட்டையை அறுக்கும். ஒரே ஒருமுறை ஆள் விழுந்து தாங்கிய பெல்ட்டை, எவ்வளவு நன்றாக இருந்தாலும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஒதுக்கிய பெல்ட்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள். முழுதாகக் கிடந்தால் அடுத்த வருடம் யாராவது எடுத்துப் போட்டுக்கொண்டு ஏறிவிடுவார்கள்.

தனியாக ஏறுவதும் கூடாது. பெல்ட் பிடித்துவிட்டது என்பதோடு ஆபத்து முடிந்துவிடாது. மயங்கியோ அடிபட்டோ பெல்ட்டில் அசைவின்றித் தொங்குபவருக்குக் கால் இரத்தம் மேலே திரும்பாது. சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். நினைவு இருந்தால் கால்களை மடக்கி நீட்டி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கீழே ஒருவர் இருந்து உடனே 108க்கு அழைத்து, ஏணியோ இன்னொரு கருவியோ கொண்டு இறக்க வழி பார்க்க வேண்டும்.

கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் உருவாக்கிய மிதி கருவி வந்தபின் தென்னை ஏறப் புதியவர்கள் பலர் வந்திருக்கிறார்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011ல் தொடங்கிய ‘தென்னை மர நண்பர்கள்’ பயிற்சியில் கருவியோடு பாதுகாப்பு முறைகளும் கற்றுத் தரப்படுகின்றன. அடுத்த பயிற்சி எப்போது என்று அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். மரம் ஏறுபவர்களுக்கான ‘கேர சுரக்ஷா’ விபத்துக் காப்பீட்டில் பிரீமியத்தின் ஒரு பகுதியை வாரியமே கட்டுகிறது. மீதியைத் தோப்புக்காரர் கட்டிவிடலாம். பெல்ட் வாங்கும் செலவும் தோப்புக்காரருடையதாக இருப்பதுதான் முறை. ஏறுகூலியில் அதைப் பிடிக்க வேண்டாம்.