பெரிய டேர்போவா, விரைந்து விழிக்கும் டேர்போவா?

மோட்டார்க் காரின் யந்திர வலுவைப் பெருக்க விரும்பும் இளைஞர் பலருக்கு ஓர் ஆசை உண்டு. கடையிற் கிடைக்கும் டேர்போ சார்ஜர்களுள் எது மிகப் பெரியதோ அதனையே வாங்கிப் பூட்டிவிட வேண்டும் என்பதே அவ்வாசை. பணத்தைக் கொட்டிப் பூட்டிய பின்னர், வீதியில் ஒரு லொறியை முந்த முனையும் வேளையில், கார் முன்னிருந்ததிலும் சோம்பலாக நகர்வதைக் கண்டு திகைப்பர். வலு வரும்போதோ, வேண்டாத நேரத்தில், வளைவின் நடுவே, ஒரே பாய்ச்சலாக வந்து சேரும். பெற்றோரின் சேமிப்பில் கைவைத்து இக்காரியத்தைத் தொடங்கும் பிள்ளைகளும் உளராதலின், வீட்டிலுள்ள யாவரும் இதனை ஓரளவு அறிந்திருத்தல் நன்று.

உருளைகளில் எரிந்து வெளியேறும் வெப்ப வாயு, புகைக்குழாய் வழியே வீணாகப் போகவேண்டியது. அதனைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் புதிய வளியை அமுக்கி உருளைகளுக்குள் செலுத்துவதே டேர்போவின் தொழில். சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் அல்பிரட் பூச்சி 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். மிகுந்த வளி புகுந்தால் மிகுந்த பெற்றோல் எரியும்; வலுவும் மிகும். முழுவேகத்தில் அவ்வச்சு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் தடவைக்கு மேற் சுழலும் என்றால் அதன் நுட்பத்தை என்னென்பது!

இங்கே இரு குறைகளை வேறுபிரித்து அறிதல் வேண்டும். யந்திரம் மெதுவாகச் சுழலும்போது வெளிவரும் வாயு மிகக் குறைவு. அதனால் சக்கரத்தை உந்த இயலாது. எத்தனை சுற்றுக்கு மேல் டேர்போ அமுக்கம் தரத் தொடங்குகிறது என்பது முதலாவது. போதிய சுற்று இருந்தும், காலை அழுத்திய கணத்துக்கும் அமுக்கம் ஏறும் கணத்துக்கும் இடையே கழியும் நேரம் இரண்டாவது. முன்னையதைக் கியர் மாற்றிச் சமாளிக்கலாம். பின்னையதுக்கு ஓட்டுநரிடம் மருந்தில்லை; அது சக்கரத்தின் சடத்துவத்தைப் பொறுத்தது.

சடத்துவம் எவ்வாறு பெருகுகின்றது என்பதைப் பௌதிகம் கற்கும் மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம். ஒரே வடிவமும் ஒரே உலோகமும் கொண்ட இரு சக்கரங்களில், திணிவு விட்டத்தின் மூன்றாம் அடுக்காக வளர்கின்றது. திணிவுக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட தூரமோ வர்க்கமாக வந்து சேர்கின்றது. ஆகவே சடத்துவம் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கு. விட்டம் பத்திலொரு பங்கு கூடினால், சடத்துவம் 60 சதவீதத்துக்கு மேற் கூடிவிடும். கடை மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடே தெரியாத இரு டேர்போக்கள், வீதியில் முற்றிலும் வேறானவையாக நடந்துகொள்வதன் மருமம் இதுவே.

கார் உற்பத்தியாளரும் இதனை அனுபவித்தே கற்றனர். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1973இல் வெளியிட்ட 2002 டேர்போ 170 பரிவலு தந்தது. எனினும் தாழ்ந்த சுற்றில் உறங்கி, பின்னர் திடீரென உதைக்கும் கார் என்றே பெயர் வாங்கியது. சுவீடன் நாட்டுச் சாப் நிறுவனமோ, 1977இல் அறிமுகப்படுத்திய 99 டேர்போவில் சிறிய டேர்போவைப் பூட்டி, அமுக்கம் மிஞ்சும்போது வாயுவை வேறு வழியில் விடும் கதவு ஒன்றையும் அமைத்தது. அதன் வலு 145 பரிவலுவே. ஆயினும் அன்றாடம் ஓட்டுவதற்கு இனிய டேர்போக் கார் என்ற புகழ் அதற்கே கிடைத்தது.

இனி, யப்பானிய நிசான் சில்வியாவை எடுத்துக்கொள்வோம். வலுக்கூட்டுவோர் உலகெங்கும் விரும்பி எடுக்கும் அதன் எஸ்.ஆர். 20 டி.ஈ.ரி. யந்திரம் 1998 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. எஸ். 13 வகையில் 205 பரிவலுவும், 1999இல் வந்த எஸ். 15 வகையில் 250 பரிவலுவும் தந்தது. இதற்கு எவ்வளவு வளி வேண்டும்? நான்கடிப்பு யந்திரம் ஆதலால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் உள்ளிழுக்கும். 7000 சுற்றில் நிமிடத்துக்கு 7000 லீற்றர். வளிமண்டல அமுக்கத்தைப் போல் இருமடங்கு அமுக்கி, 50 பாகைக்குக் குளிர்வித்து அனுப்பினால், சிறு இழப்புகளைக் கழித்து நிமிடத்துக்கு 14 கிலோகிராம் வளி எனக் கொள்ளலாம். ஒரு கிலோவுக்கு 22 பரிவலு என்பது கைக்கணக்கு. விடை 300க்குச் சற்று மேல். அவ்வளவுதான் இந்த யந்திரம் அந்த அமுக்கத்தில் உண்ணக்கூடியது! 500 பரிவலுவுக்கு மேல் ஊட்டவல்ல கரட் ஜீ.ரி. 3076 ஆரை இதிற் பூட்டுவது, இருவர் உண்ணும் வீட்டுக்குக் கலியாண அண்டா வாங்குவது போலாகும்.

இக்கணக்குக்கு ஏற்றது ஜீ.ரி. 2860 ஆர்.எஸ். என்பது என் கருத்து. வளியை அமுக்கும் சக்கரத்தின் விட்டம் 60 மில்லிமீற்றர். ஏறத்தாழ 350 பரிவலு வரை தாங்கும். அச்சு உருளும் குண்டுகளின் மீது சுழல்வதால் உராய்வும் குறைவு. இவ்வகைக்கு நத்தையோடு போன்ற வாயு உறை இரண்டு அளவுகளிற் கிடைக்கின்றது: 0.64, 0.86. உறையின் வாயுவழிப் பரப்பை, அச்சிலிருந்து அதன் தூரத்தால் வகுத்துப் பெறும் எண் இது. எண் சிறிதாயின் வாயு ஒடுங்கிய வழியே விசையுடன் பாய்ந்து சக்கரத்தை விரைவில் எழுப்பும். உயர்ந்த சுற்றிலோ மூச்சுத் திணறும். வீதிக்கு 0.64 போதும். பந்தயத் திடலில் எந்நேரமும் உயர்ந்த சுற்றிலேயே ஓட்டுபவர் மற்றதை எண்ணிப்பார்க்கலாம்.

நம் நாட்டு வெப்பத்தை மறத்தலாகாது. 30 பாகை வளியை இருமடங்கு அமுக்கினால், திறமையான டேர்போவிலும் அது 120 பாகையை எட்டும். அதனைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சிறிதாயின், தீப்பொறி மூட்டிய சுவாலை வந்து சேரும் முன்பே உருளையின் மூலையிலுள்ள கலவை தானாக வெடித்துவிடும். கராச்சுக்காரர் நொக்கிங் எனக் கூறும் இத்தட்டல் முசலத்தையே உடைக்க வல்லது. ஆதலின் 92 ஒக்டேன் பெற்றோலை விடுத்து 95ஐ ஊற்றுவதும், பெற்றோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் ஆளும் கணினியைத் தகுந்தவரைக் கொண்டு திருத்துவிப்பதும், பெரிய இன்ஜெக்டர்கள் பூட்டுவதும் தவிர்க்க முடியாத செலவுகள். டேர்போவின் விலையை மட்டும் கேட்டு வந்து வீட்டில் அனுமதி கேட்கும் பிள்ளையிடம் இவற்றின் விலையையும் எழுதி வரச் சொல்லுங்கள். கிளச்சையும் பிரேக்கையும் அதே தாளில் எழுதச் சொல்லலாம்.

பழைய டேர்போ வாங்குவோர், குளிர்ந்த நிலையில் அச்சை விரலால் அசைத்துப் பார்க்கவேண்டும். சக்கரத்தின் இதழ் உறையில் உரசிய தழும்பு இருப்பின், விலை எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுக. பூட்டிய பின்னர், விரைந்து ஓடி வந்தவுடன் யந்திரத்தை நிறுத்தாது ஒரு நிமிடமேனும் மெல்ல ஓடவிடுக. கொதிக்கும் அச்சினுள் தேங்கிய எண்ணெய் கரிந்து கட்டியாகாமல் அது காக்கும்.