ரேடியோவுக்கு எஃப்ஐவி: வாயாடிப் பூனையைத் தத்தெடுக்கும் முன்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

பின்னாடி ஒரு சத்தம் கேக்குதா? எடிட்ல எடுத்துடலாம்னு பார்த்தோம், முடியல. அது ரேடியோ, என் பூனை. இன்னைக்கு எபிசோடே அவனைப் பத்திதான். அதனால பேசட்டும்னு விட்டுட்டேன்.

ரேடியோவை நான் முதல்ல பார்த்தது சென்னையில ஒரு விலங்குகள் காப்பகத்துல. ரெண்டு வயசுக் கடுவன். கூண்டுக் கம்பியில முன்னங்காலை வெச்சு நின்னுக்கிட்டு, போற வர்ற எல்லார்கிட்டயும் கத்திப் பேசிட்டிருந்தான். அங்க இருந்த அக்கா சொன்னாங்க: "வர்றவங்க எல்லாம் முதல்ல இவன்கிட்டதான் நிப்பாங்க. கார்டைப் படிச்சதும் அடுத்த கூண்டுக்குப் போயிடுவாங்க."

கார்டுல எழுதியிருந்தது: 'எஃப்ஐவி பாசிட்டிவ்.'

அம்மாவுக்கு போன் பண்ணேன். "ஊர்ல இத்தனை பூனை இருக்க, சீக்குப் பூனைதான் கிடைச்சுதாடி உனக்கு?" நியாயமான கேள்விதான். அன்னைக்கு என்கிட்ட பதில் இல்ல. அப்புறம் டாக்டர்கிட்ட கேட்டும் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

எஃப்ஐவி என்றால் என்ன?

பூனையோட நோய் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிற வைரஸ் இது. 1986-ல கலிஃபோர்னியாவுல, பெட்டலூமாங்கிற ஊர்ப் பூனைகள்கிட்ட இருந்து நீல்ஸ் பெடர்சன், ஜேனட் யமமோட்டோ ரெண்டு பேரும் இதை முதன்முதலா கண்டுபிடிச்சாங்க. மனுஷங்களுக்கு வர்ற எச்ஐவிக்கு இது தூரத்துச் சொந்தம். பேரும் அதே மாதிரி இருக்கறதாலதான் பாதி பயம். ஆனா இது நமக்கும் வராது, நாய்க்கும் வராது.

பூனைக்குப் பூனை எப்படிப் பரவுது? பெரும்பாலும் ஆழமான கடி மூலமா. தெருவுல சண்டை போடுற, கருத்தடை செய்யாத கடுவன்களுக்கு அதிகமா வர்றது அதனாலதான். ஒரே தட்டுல சாப்பிடுறது, ஒண்ணையொண்ணு நக்கிக்கிறது மூலமா பரவுற வாய்ப்பு ரொம்பக் கம்மி. வீட்டுல ஏற்கனவே பூனை இருந்தா, ரெண்டும் சண்டை போடாம இருக்குமாங்கிறதுதான் முக்கியமான கேள்வி.

கார்டைச் சரியாப் படிங்க. எஃப்இஎல்வின்னு இன்னொண்ணு இருக்கு, பூனைகளுக்கு வர்ற லுகேமியா வைரஸ். அது எச்சில் வழியா சுலபமா பரவும், ஆபத்தும் அதிகம். ரெண்டையும் குழப்பிக்காதீங்க. இன்னொரு விஷயம்: எஃப்ஐவிக்குச் சாதாரணமா செய்யற டெஸ்ட், வைரஸைத் தேடாது, அதுக்கு எதிரா உடம்பு உருவாக்குற ஆன்டிபாடியைத் தேடும். தாய்கிட்ட இருந்து ஆன்டிபாடி வந்திருந்தா, நோயே இல்லாத குட்டிக்கும் பாசிட்டிவ் காட்டும். ஆறு மாசத்துக்குக் கீழ இருக்கற குட்டின்னா, ஆறு மாசம் ஆனப்புறம் திரும்ப டெஸ்ட் பண்ணாம முடிவு கட்டக் கூடாது.

மருந்து உண்டா?

வைரஸை முழுசா அழிக்கிற மருந்து இல்லை. ஆனா பல பூனைகள் எந்த அறிகுறியும் இல்லாம வருஷக்கணக்கா நல்லா வாழுது. பின்னாடி பிரச்சினை வந்தா, அடிக்கடி வர்றது வாய்ப்புண், ஈறு வீக்கம், ஆறாத தொற்றுகள். சிலதுக்குப் பல்லையே எடுக்க வேண்டி வரும். இந்தச் செலவை இப்பவே மனசுல வெச்சுக்கணும்.

நாம செய்ய வேண்டியது: கருத்தடை, வீட்டுக்குள்ளயே வளர்க்கறது, பால்கனிக்கு வலை, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர். பச்சைக் கறி, பச்சை மீன், பச்சை முட்டை வேண்டாம். காய்ச்சல்னு தோணினா நம்ம பாராசிட்டமாலைக் கொடுத்துடாதீங்க. பூனைக்கு அது விஷம், ஒரு மாத்திரையே உயிரை எடுத்துடலாம்.

துறுதுறுப்பை என்ன செய்வது?

வெளியவே விடக் கூடாது, ஆனா இவனோ சுவத்துக்குச் சுவர் தாவுறவன். அதனால தினமும் ரெண்டு தடவை, பத்துப் பதினஞ்சு நிமிஷம் இறகு கட்டின குச்சியை வெச்சு ஓட விடுறேன். முடிஞ்சதும் சாப்பாடு. வேட்டை, சாப்பாடு, தூக்கம். பூனையோட இயல்பான வரிசை அதுதான். விளையாடினதும் குச்சியை எடுத்து வெச்சுடணும். தையல் நூல், ரப்பர் பேண்ட், கழட்டிப் போட்ட பூச்சரத்தோட நூல், எதை முழுங்கினாலும் குடல்ல சிக்கிக்கும்.

அந்த வாய்?

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள்ள 'மியாவ்'னு பேசிக்கிறது ரொம்பக் குறைவு. அந்தச் சத்தம் பெரும்பாலும் மனுஷங்களுக்குத்தான். ரேடியோ விஷயத்துல இது எனக்குக் கிடைச்ச பெரிய வசதி. பூனைங்க வலியை மறைக்கும். ஆனா தினமும் பேசுறவன் ஒரு நாள் பேசலைன்னா நமக்கு உடனே உறைக்கும்.

போன மழைக்காலத்துல ஒரு காலையில, சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்டும் ரேடியோ வாயைத் திறக்கல. தட்டுகிட்ட வந்து மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டான். அன்னைக்கே கூட்டிட்டுப் போனேன். ஈறுல தொற்று. ஆரம்பத்துலயே பிடிச்சதால மருந்துலயே சரியாச்சு. நாலு நாள் கழிச்சு காலையில அஞ்சு மணிக்குக் கத்தி எழுப்பினான். எனக்குக் கோபமே வரல.

அமைதி மட்டும் இல்ல, கத்தலோட விதம் மாறினாலும் கவனிங்க. முக்கியமா கடுவன் பூனை லிட்டர் பாக்ஸ்ல திரும்பத் திரும்ப உக்காந்து முக்குது, கத்துது, ஆனா சிறுநீர் வரலைன்னா, அடைப்பா இருக்கலாம். அது அவசரம். மறுநாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

அப்போ எடுக்கலாமா? ஆபீஸ் போயிட்டு ராத்திரி பத்து மணிக்கு வந்து படுக்கறவங்கன்னா, இப்போதைக்கு வேண்டாம். தினமும் கொஞ்ச நேரமும், அவசரத்துக்குன்னு தனியா கொஞ்சம் பணமும் ஒதுக்க முடியும்னா, கார்டைப் பார்த்து நகராதீங்க. அந்தக் கூண்டு முன்னாடி இன்னும் அஞ்சு நிமிஷம் நில்லுங்க.

அம்மா இப்பவும் போன் பண்றாங்க. முதல்ல கேக்கறது, "அவன் பேசுறானா?"