பழைய நிகழ்பட ஆட்டக் கருவிகளைத் தெரிவு செய்தல்

பழைய நிகழ்பட ஆட்டக் கருவிகள் என்பவை, உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்ட, தொலைக்காட்சியுடன் இணைத்தோ கையில் பிடித்தோ ஆடப்படும் மின்னணுக் கருவிகள் ஆகும். பேச்சு வழக்கில் இவை வீடியோ கேம், டிவி கேம், கான்சோல் எனப் பலவாறு அழைக்கப்படுகின்றன. 1972 இல் அமெரிக்காவில் வெளியான மேக்னவாக்ஸ் ஒடிசி வீட்டுக் கருவிகளுள் முதலாவது ஆகும். 1977 இல் வெளியான அட்டாரி 2600, 1983 இல் சப்பானில் வெளியான நின்டென்டோவின் பேமிகாம், 1988 இல் வெளியான சேகாவின் மெகா டிரைவ், 1994 இல் வெளியான சோனியின் பிளேஸ்டேசன் என்பன பரவலாக அறியப்பட்ட சில கருவிகள்.

இவற்றைச் சேகரிப்போர் இரு வகையினர். ஒரு சாரார் அட்டைப்பெட்டி குலையாமல் அடுக்கி வைப்பதற்காக வாங்குகின்றனர். மற்றொரு சாரார் ஆடுவதற்காக வாங்குகின்றனர். இக்கட்டுரை இரண்டாவது வகையினரைக் கருத்திற் கொண்டது. எந்தக் கருவியில் நல்ல ஆட்டங்கள் உள்ளன என்பதே வழமையாக முதலில் கேட்கப்படும் கேள்வி. அதைவிடப் பயனுள்ள கேள்வி, அக்கருவியில் எந்த உறுப்பு முதலில் பழுதாகும், அதை மாற்ற முடியுமா என்பதாகும்.

பழைய கருவியின் தேவை

அச்சில் இல்லாத பழைய நூலை நூலகத்தில் தேடிப் படிக்கலாம். நிகழ்பட ஆட்டங்களுக்கு அத்தகைய வசதி பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010 ஆம் ஆண்டுக்கு முன் அந்நாட்டில் வெளியான ஆட்டங்களில் ஏறத்தாழ 87 விழுக்காடு இன்று கடைகளில் புதிதாக வாங்கக் கிடைப்பதில்லை. இணையம் வழி விற்கப்பட்டவையும் நிலைப்பதில்லை. நின்டென்டோ தனது 3டிஎஸ், வீ யூ ஆகிய கருவிகளின் இணைய அங்காடிகளை 2023 மார்ச்சு மாதத்தில் மூடியது. ஆகவே பல ஆட்டங்களை அவை வெளியான வடிவில் ஆட வேண்டுமாயின், பழைய கருவியும் பழைய கேசட்டுமே வழி.

கேசட் கருவிகள்

தமிழ்நாட்டில் கேசட் என வழங்கப்படும் காட்ரிட்ஜ், ஒரு சிறிய மின்சுற்றுப் பலகையைக் கொண்ட நெகிழிப் பெட்டி ஆகும். ஆட்டத்தின் நிரல், தொழிற்சாலையிலேயே நிலையாகப் பதிக்கப்பட்ட நினைவகச் சில்லில் உள்ளது. அசையும் உறுப்புகள் இதில் எவையும் இல்லை. 1980களில் செய்யப்பட்ட கேசட்டுகள் பல இன்றும் இயங்குவதற்கு இதுவே காரணம். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோருக்குக் குறுந்தட்டுக் கருவிகளை விடக் கேசட் கருவிகளே உகந்தவை எனலாம்.

எனினும் எல்லாக் கேசட் கருவிகளும் ஒரே தரத்தன அல்ல. பேமிகாமும், அதன் அமெரிக்க வடிவமாக 1985 இல் வெளியான நின்டென்டோ என்டர்டெயின்மென்ட் சிசுடமும் (என்ஈஎஸ்) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே கணினி. ஆனால் பேமிகாமில் கேசட்டை மேலிருந்து செங்குத்தாகச் செருகுவர். 1983 இல் அமெரிக்க நிகழ்பட ஆட்டச் சந்தை சரிந்திருந்தமையால், தனது கருவி விளையாட்டுப் பொருளாகத் தோன்றக்கூடாது எனக் கருதிய நின்டென்டோ, அமெரிக்க வடிவத்தை விசிஆர் போல அமைத்தது. கேசட்டை முன்பக்கமாக நுழைத்துக் கீழே அமுக்க வேண்டும். இந்த அமுக்கத்தால் 72 ஊசிகள் கொண்ட இணைப்பி நாளடைவில் வளைந்து தளர்ந்துவிடுகின்றது.

இதனுடன் மற்றொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. உரிமம் பெறாத கேசட்டுகளைத் தடுப்பதற்காக இக்கருவியில் 10என்ஈஎஸ் எனும் பூட்டுச் சில்லு வைக்கப்பட்டது. கேசட்டில் உள்ள இணைச் சில்லுடன் அது இடையறாது தொடர்பு கொள்கின்றது. ஊசி தளர்ந்து தொடர்பு அறுந்தால், கேசட் போலியானது எனக் கருதிக் கருவியை நொடிக்கு ஒருமுறை மீளத் தொடங்கச் செய்கின்றது. மின்விளக்கு மினுக்கி மினுக்கி, படம் தோன்றித் தோன்றி மறைவது இதனாலேயே. கருவி செத்துவிட்டது எனப் பலர் எண்ணும் இந்நிலையில், உண்மையில் கணினிப் பகுதி நலமாகவே இருக்கும். இணைப்பியை மாற்றினாலோ முறையாகத் துடைத்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். பேமிகாமில் இப்பூட்டுச் சில்லு இல்லை. 1993 இல் மேற்செருகு முறையில் வெளியான என்ஈஎஸ் கருவியிலும் அது நீக்கப்பட்டது.

கேசட்டின் முனையை வாயால் ஊதிச் செருகும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. தமிழ்ப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல. ஊதியபின் ஆட்டம் இயங்குவது பெரும்பாலும் கழற்றி மாட்டியதன் பயனே. மூச்சின் ஈரம் செம்பு முனைகளை அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்ககால் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்து உலரவிடுவதே முறையாகும்.

கேசட்டில் சாகும் உறுப்பு ஒன்று உண்டு. அது மின்கலம். 1987 இல் அமெரிக்காவில் வெளியான த லெசன்ட் ஆப் செல்டா போன்ற நெடிய ஆட்டங்களில், ஆடுவோரின் முன்னேற்றத்தைச் சேமிக்கும் நினைவகத்துக்குக் காசு வடிவ மின்கலம் ஒன்று மின்சாரம் அளிக்கின்றது. அது தீர்ந்தால் ஆட்டம் இயங்கும். சேமிப்பு மட்டும் நிற்காது. போக்கிமான் கோல்டு, சில்வர் ஆகிய ஆட்டங்களில் நேரம் காட்டும் கடிகாரமும் அதே மின்கலத்தில் ஓடுவதால் அது இன்னும் விரைவில் தீர்கின்றது. புதிய மின்கலத்தைப் பற்றவைத்துப் பொருத்தலாம். ஆனால் பழையதைக் கழற்றும்போது முந்தைய சேமிப்பு அழிந்துவிடும். பழைய கேசட் ஒன்றில் யாரோ ஒரு சிறுவன் முப்பது ஆண்டுகளுக்கு முன் சேமித்த பெயர் இன்னும் இருக்குமாயின், அதைத் தக்க கருவி கொண்டு கணினியில் படியெடுத்த பின்னரே மின்கலத்தில் கை வைப்பது நன்று.

இவற்றையெல்லாம் கருதுகையில், முதற் கருவியாக வாங்கத் தக்கவை மெகா டிரைவும் சூப்பர் பேமிகாமும் (1990) ஆகும். இரண்டும் உறுதியானவை. இரண்டிலும் செருகும் அமைப்பு எளியது. சூப்பர் பேமிகாமில் எழுத்து மிகுந்த கதையாட்டங்கள் சப்பானிய மொழியிலேயே உள்ளன என்பதை மறக்கலாகாது. தாவி ஓடும் ஆட்டங்களுக்கும் சண்டை ஆட்டங்களுக்கும் மொழி ஒரு தடையன்று.

கசியும் மின்தேக்கிகள்

1990 இல் வெளியான சேகாவின் கேம் கியர் வண்ணத் திரை கொண்ட கையடக்கக் கருவி. ஆறு மின்கலங்களை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்த்துவிடும் அதன் பசி அக்காலத்திலேயே பெயர்பெற்றது. இன்று அதைவிடப் பெரிய குறை அதன் மின்தேக்கிகள். இவற்றுள் உள்ள நீர்மம் கசிந்து பலகையை அரிப்பதால், பழுது பார்க்கப்படாத கேம் கியர்களில் ஒலி தேய்ந்தும் படம் மங்கியும் காணப்படுகின்றது. 1991 இல் வந்த பிசி எஞ்சின் டுவோவிலும் இக்குறை உண்டு. மைக்ரோசாப்டின் முதல் எக்சு பாக்சில் (2001) கடிகாரத்துக்கு உதவும் ஒரே ஒரு மின்தேக்கி கசிந்து, அருகிலுள்ள கம்பித் தடங்களை அறுத்துவிடுகின்றது. அதை நீக்கிவிட்டால் கருவி பிழைக்கும். மின் இணைப்பைத் துண்டித்தால் நேரம் மறந்துபோகும் என்பது மட்டுமே இழப்பு.

பற்றவைக்கத் தெரியாதோர் இத்தகைய கருவிகளை, மின்தேக்கிகள் மாற்றப்பட்டனவா எனக் கேட்டறியாமல் வாங்கலாகாது. இதற்கு மாறாக 1989 இல் வெளியான கேம் பாய், வண்ணமின்றியும் பின்னொளியின்றியும் வந்தபோதிலும், நான்கு மின்கலங்களில் பல மணி நேரம் ஓடிற்று. இன்றும் பெரும்பாலும் ஓடுகின்றது.

குறுந்தட்டுக் கருவிகள்

குறுந்தட்டுக் கருவிகளில் முதலில் தளர்வது லேசர் வில்லையும் அதை நகர்த்தும் பொறியும் ஆகும். தொடக்க காலப் பிளேஸ்டேசன்களில் லேசர் நகரும் தடம் நெகிழியால் ஆனது. தேய்மானத்தாலும் வெப்பத்தாலும் அது சாய்ந்தமையால், பலர் கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஆடினர். பிந்திய மாதிரிகளில் இது திருத்தப்பட்டது. எனவே பிளேஸ்டேசன் வாங்குவோர் முதல் மாதிரியை விடுத்துப் பிந்தியதை நாடுவது நலம். இதன் சேமிப்பு அட்டைக்கு மின்கலம் தேவையில்லை என்பதும் ஒரு வசதி. அதே ஆண்டில் வெளியான சேகா சாட்டர்ன், சேமிப்புகளை உள்நினைவகத்தில் மின்கலத்தின் துணையோடு வைத்துக்கொள்கின்றது. அம்மின்கலத்தைப் பின்பக்க மூடியைத் திறந்து எவரும் மாற்றலாம்.

1998 இல் சப்பானில் வெளியான டிரீம்காசுட் சேகாவின் கடைசி வீட்டுக் கருவி. 2001 இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. குறுந்தட்டு இயக்கியை முழுவதுமாகக் கழற்றிவிட்டு நினைவக அட்டையிலிருந்து ஆட்டத்தைப் படிக்கும் பலகைகள் இன்று இக்கருவிக்குக் கிடைக்கின்றன. தேயும் உறுப்பே இல்லாமற் போவதால் கருவியின் ஆயுள் நீள்கின்றது. இதனால் அதன் பழமை கெட்டுவிடுகின்றது என்போரும் உளர். ஆடுவதே நோக்கமாயின் அக்கவலை தேவையற்றது.

மின்சாரமும் தொலைக்காட்சியும்

இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளோர் கவனிக்க வேண்டியது மின்னழுத்தம் ஆகும். சப்பானில் 100 வோல்ட்டும் அமெரிக்காவில் 120 வோல்ட்டும் வழங்கப்படுகின்றன. இங்கே 230 வோல்ட். அந்நாடுகளுக்கெனச் செய்யப்பட்ட பிளேஸ்டேசன், சாட்டர்ன், டிரீம்காசுட் ஆகியவற்றில் மின்வழங்கி உள்ளேயே இருப்பதால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி இன்றி நேரே செருகினால் கருவி பழுதாகும்.

பேமிகாம், மெகா டிரைவ் போன்றவற்றுக்கு அடாப்டர் வெளியே உள்ளது. உள்ளூரில் பொருத்தமான ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பேமிகாம், முதல் மாதிரி மெகா டிரைவ் ஆகியவற்றின் செருகியில் நடுமுனை எதிர்மின் முனை ஆகும். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலானவற்றில் நடுமுனை நேர்மின் முனை. மேலும் என்ஈஎஸ் கருவியின் அடாப்டர் மாறுமின்னோட்டம் தருவது. அதைத் தவறுதலாகப் பேமிகாமில் செருகினால் உட்சில்லுகள் கருகிவிடும். செருகி பொருந்துகின்றது என்பதனால் அடாப்டர் பொருந்துகின்றது என்றாகாது.

அடுத்தது படம். சப்பானிய, அமெரிக்கக் கருவிகள் நொடிக்கு 60 முறை படம் அனுப்பும் என்டிஎஸ்சி முறையைச் சார்ந்தவை. ஐரோப்பியக் கருவிகள் நொடிக்கு 50 முறை அனுப்பும் பால் முறையைச் சார்ந்தவை. 60க்கென எழுதப்பட்ட ஆட்டத்தைத் திருத்தமின்றி 50இல் ஓட்டியதால், ஐரோப்பாவில் வெளியான பல ஆட்டங்கள் ஏறத்தாழ 17 விழுக்காடு மெதுவாக ஓடுகின்றன, இசையும் இழுபடுகின்றது. சோனிக் த எட்ச்ஆக்கின் (1991) வேகத்தைச் சுவைக்க விரும்புவோர் 60 முறைக் கருவியையே தேட வேண்டும். முதற் பேமிகாம் அலைவாங்கிக் கம்பி வழியே மட்டும் படம் தருவதாலும், அதன் அலைவரிசைகள் சப்பானுக்கு உரியவை என்பதாலும், நம்மிடம் உள்ள தொலைக்காட்சிகளில் அதைப் பிடிப்பது கடினம். 1993 இல் வெளியான ஏவி பேமிகாம் இவ்வகையில் சிறந்தது.

பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி கிடைத்தால் அதுவே மேல். மெகா டிரைவின் ஓவியர்கள் அக்காலக் கம்பியின் கலங்கலையே கருவியாகக் கொண்டனர். சோனிக் ஆட்டத்தின் அருவி, அடுத்தடுத்த செங்குத்துக் கோடுகளாக வரையப்பட்டது. பழைய திரையில் அக்கோடுகள் கலந்து ஒளி ஊடுருவும் நீராகத் தோன்றும். கூர்மையான தட்டைத்திரையில் அவை வெறும் கோடுகளே. டக் அன்ட் போன்ற துப்பாக்கி ஆட்டங்களோ தட்டைத்திரையில் இயங்கவே இயங்கா. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருமையாகி, இலக்கு உள்ள இடம் மட்டும் வெண்கட்டமாக ஒளிர்கின்றது. துப்பாக்கியின் முனையில் உள்ள உணரி அவ்வொளியைக் குறித்த கணத்தில் தேடுகின்றது. தட்டைத்திரை படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டுவதால், உணரி பார்க்கும்போது ஒளி இன்னும் வந்திராது.

ஒரு கருவியில் இரு தலைமுறை

இடம் குறைவாக உள்ளோர்க்கு முந்தைய தலைமுறை ஆட்டங்களையும் ஏற்கும் கருவிகள் பொருத்தமானவை. பிளேஸ்டேசன் 2 (2000) பிளேஸ்டேசன் தட்டுகளையும், முதல் மாதிரி வீ (2006) கேம்கியூப் தட்டுகளையும் ஏற்கின்றன. கேம் பாய் அட்வான்சு எசுபி (2003) கேம் பாய், கேம் பாய் கலர் கேசட்டுகளையும் ஏற்கின்றது. அதன் திரைக்குச் சொந்த ஒளியும் உண்டு. கையடக்கக் கருவி ஒன்றே ஒன்று போதும் என்போர்க்கு இதைவிடச் சிறந்தது இல்லை.

நகல்களும் போலிகளும்

1990களில் இந்தியாவில் டிவி கேம் என விற்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி பேமிகாமின் உரிமமற்ற நகல்கள். அவற்றின் கேசட்டுகள் பேமிகாமைப் போன்றே 60 முனைகள் கொண்டவை என்பதால் பெரும்பாலும் உண்மையான பேமிகாமிலும் இயங்கும். பரணில் கிடப்பவற்றை எறிந்துவிட வேண்டாம். விலை ஏறிய ஆட்டங்களுக்கு, குறிப்பாகக் கேம் பாய் அட்வான்சின் போக்கிமான் வரிசைக்கு, இன்றும் போலிகள் செய்யப்படுகின்றன. வெளியட்டையைக் கொண்டு போலியைக் கண்டறிதல் அரிது. நின்டென்டோவின் பெரிய கேசட்டுகளை 3.8 மில்லிமீட்டர் சிறப்புத் திருப்புளியால் திறந்து, பலகையில் நிறுவனப் பெயர் அச்சிடப்பட்டுள்ளதா என நோக்கலாம். விற்பவரிடம் பலகையின் ஒளிப்படம் கேட்பதில் தவறில்லை.

மாற்று வழிகள்

நின்டென்டோ 2016 இல் 30 ஆட்டங்கள் உள்ளடங்கிய சிறு என்ஈஎஸ் கருவியையும், சேகா 2019 இல் 42 ஆட்டங்கள் கொண்ட மெகா டிரைவ் மினியையும் வெளியிட்டன. இவற்றில் பழைய கேசட்டுகளைச் செருக முடியாது. மீள நிரலாக்கத்தக்க சில்லைக் கொண்டு பழைய கருவியின் மின்சுற்றையே ஒத்து இயங்கும் கருவிகளும் உள்ளன. 2018 இல் வெளியான அனலாக் சூப்பர் என்டி அவற்றுள் ஒன்று. அது உண்மையான சூப்பர் பேமிகாம் கேசட்டுகளை ஏற்று, எச்டிஎம்ஐ வழியே இன்றைய தொலைக்காட்சிக்குத் தெளிவான படம் தருகின்றது. தளர்ந்த இணைப்பி, மஞ்சளான நெகிழி, பொருந்தாத அடாப்டர் ஆகிய தொல்லைகள் இதில் இல்லை. கேசட்டின் உள்ளே இருக்கும் மின்கலம் மட்டும் அதே பழைய மின்கலமே. அது தீரும் நாளில் சேமிப்பும் தீரும்.