நில் என்றால் நிற்காது

நம் சங்கத்தின் குடும்பப் பதிவேட்டைக் கணிப்பொறியில் வைத்துப் பராமரிப்பவன் அடியேன்தான் என்பது பலருக்குத் தெரியும். அந்தப் பதிவேடு ஒருநாள் என் கையாலேயே அழிந்த கதையைச் சொல்லத்தான் இக்கட்டுரை. கணிப்பொறி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்; ஸ்டேஷன் மாஸ்டர் மேஜைமேல் இருக்கும் ரிஜிஸ்தரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

நான் உபயோகிப்பது ஈமேக்ஸ் என்ற எழுதுபலகை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1976-ல் பிறந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் புதிதாக எழுதிய க்னூ ஈமேக்ஸ் 1985-ல் வெளிவந்தது. இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. இதற்குள்ளேயே லிஸ்ப் என்ற மொழி இருக்கிறது. அதில் நாலு வரி எழுதினால் நமக்கு வேண்டிய வேலையை அதுவே செய்யும். ஓய்வுபெற்ற பிறகு என் மருமகப்பிள்ளை அறிமுகப்படுத்தினார். அடைப்புக்குறிகளைப் பார்த்து முதலில் மிரண்டேன். பிறகு அது வயரிங் படம் போலப் பழகிவிட்டது.

பதிவேட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி. பெயர், முகவரி, ரத்த வகை, கடைசியாக ‘ஊரில் யாருக்குத் தகவல் சொல்வது’ என்ற எண். பிழைக்க வந்த இடத்தில் இருக்கும் நமக்கு அந்தக் கடைசி எண்தான் முக்கியம்.

புது வரி சேர்க்க நான் எழுதிய நிரலில் ‘வித்-டெம்ப்-ஃபைல்’ என்ற கட்டளையைப் போட்டேன். அது ஒரு தற்காலிகத் தாளை எடுத்து, நாம் சொன்னதை அதில் எழுதி, கடைசியில் அந்தத் தாளையே கோப்பாக வைத்துவிடும். பழைய கோப்பில் என்ன இருந்தது என்று திரும்பியும் பார்க்காது. ஒரு குடும்பத்தைச் சேர்க்கப் போய் மற்ற எல்லாக் குடும்பங்களையும் வெளியேற்றிவிட்டேன்! ஈமேக்ஸில் கையால் சேமித்தால் முந்தைய பிரதியை, பெயரின் கடைசியில் ஒரு அலைக்குறி போட்டு, எடுத்து வைக்கும். நிரல் மூலம் இப்படி எழுதினால் அந்தக் கருணை கிடையாது. கிடைத்த அலைக்குறிப் பிரதி பழையது. அதற்குப் பின் சேர்ந்த ஒன்பது வரிகள் போயே போய்விட்டன.

அந்த வாரமே, தனியாக வசிக்கும் பெரியவர் ஒருவரை மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அவருடைய வரி அந்த ஒன்பதில் ஒன்று. தென்காசியில் தம்பி இருக்கிறார் என்பது மட்டும் ஞாபகம். இரவு பதினொரு மணிக்கு அவர் வீட்டு அலமாரியைக் குடைந்து, பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்புறம் எழுதியிருந்த எண்ணைக் கண்டுபிடித்தோம். தம்பி மறுநாளே புறப்பட்டார். பெரியவர் இப்போது சௌக்கியம். என்மேல் அவருக்குக் கோபமில்லை. எனக்குத்தான் பல நாள் தூக்கமில்லை.

சரியான கட்டளை ‘ரைட்-ரீஜன்’. எழுத வேண்டிய சொற்றொடரை முதலில் கொடுக்க வேண்டும். இரண்டாம் இடத்தில் வெறுமை, மூன்றாவது கோப்பின் பெயர். நான்காவது இடத்தில்தான் சூட்சுமம். அங்கே ‘டி’ என்று போட்டால் கடைசியில் சேர்க்கும். ‘நில்’ என்று போட்டால், அல்லது ஒன்றுமே போடாவிட்டால், பழையதை அழித்துவிட்டு எழுதும். லிஸ்பில் ‘நில்’ என்றால் ‘இல்லை’ என்று பொருள். சிக்னல் வேலை பார்த்த தமிழனுக்கு ‘நில்’ என்றால் வண்டி நிற்க வேண்டும். இங்கோ தடையில்லாமல் ஏறிப் போய்விடுகிறது!

ஒவ்வொரு சொற்றொடரின் முடிவிலும் புதுவரிக் குறியை மறக்கக் கூடாது. மறந்தால் இரண்டு குடும்பங்கள் ஒரே வரியில் குடித்தனம் நடத்தும். தமிழ் எழுத்துக்களை யூ.டி.எஃப்-8 முறையில் எழுதச் சொல்லிவிடுவதும் நல்லது. அதில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு மட்டும் பதினைந்து பைட் ஆகும்.

ஸ்டேஷன் ரிஜிஸ்தரில் தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு கிழித்து, கையெழுத்துப் போட்டு, அடுத்த வரியில் சரியாக எழுத வேண்டும். முப்பது வருஷம் அதைப் பிறருக்குச் சொன்னவன் நான். இப்போது என் நிரலும் கடைசியில் சேர்ப்பதோடு சரி, அழிக்கும் அதிகாரம் அதற்கில்லை.

ஒன்பதில் ஏழு வரிகள் திரும்பி வந்துவிட்டன. மீதி இரண்டு வீடுகள் யாருடையவை என்றே தெரியவில்லை. பொங்கலுக்குப் பிறகு என்னிடம் விவரம் கொடுத்தவர்கள் தயவுசெய்து வரும் ஞாயிறு சங்கத்தில் என்னைப் பார்க்கவும். பேப்பரில் எழுதிக் கொண்டு வந்தால் உத்தமம்.