வண்டி ஏன் இழுக்கவில்லை?

மிதித்தும் வேகம் ஏறாத காரில், பாகத்தை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கீரமங்கலம் பூச் சந்தையில் எடை போட்டு முடிந்த மல்லிகையும் முல்லையும் உடனே கிளம்பியாக வேண்டும். விரிந்துபோன மல்லிகைக்கு விலை கிடையாது. கொத்தமங்கலம், செரியலூர், பனங்குளம், மேற்பனைக்காடு என்று சுற்றுவட்டாரமே பூவையும் பலாவையும் தேங்காயையும் நம்பியிருக்கிறது. அறந்தாங்கிக்கோ பட்டுக்கோட்டைக்கோ புதுக்கோட்டைக்கோ சரக்கும் ஆளும் நேரத்துக்குப் போய்ச் சேர, வண்டி நம்பகமாக ஓட வேண்டும்.

"ஸ்டார்ட் ஆகுது, நின்னா நல்லாத்தான் ஓடுது, மிதிச்சா இழுக்க மாட்டேங்குது." எந்தப் பட்டறையிலும் அடிக்கடி கேட்கும் புகார் இது. இருவழிச் சாலையில் பஸ்ஸை முந்தும்போது பாதியில் வேகம் விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து. ஆனாலும் இந்தக் குறைக்குப் பெரும்பாலும் நடப்பது ஊகத்தில் பாகம் மாற்றுவதுதான். முதலில் பிளக், பிறகு பம்ப், பிறகு சென்சார் என்று ஆயிரக்கணக்கில் செலவாகும். குறை அப்படியே இருக்கும்.

நின்றபடி ஓடும் இன்ஜினுக்குத் தேவை குறைவு. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் காற்றும் எரிபொருளும் பல மடங்கு வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. இதில் எந்தப் பக்கம் குறைந்தாலும் மிதிக்கும்போதுதான் வெளியே தெரியும். அதனால் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

காற்றும் எரிபொருளும்

முதலில் ஏர் பில்டரைத் திறந்து பாருங்கள். செம்மண் தூசி பறக்கும் ஊர்களில், புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே அது அடைத்துக்கொள்ளும். தோப்பு வீடுகளில் நிறுத்தும் கார்களில் எலி அந்தப் பெட்டிக்குள் கூடு கட்டுவதும், ஒயரைக் கடிப்பதும் உண்டு. பில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயின் மடிப்புகளைக் கையால் விரித்துப் பார்க்க வேண்டும். நிற்கும்போது மூடியிருக்கும் வெடிப்பு, மிதித்ததும் இன்ஜின் அசைகையில் வாய் திறக்கும். டர்போ வண்டியில் குழாய் விட்டிருந்தால் 'உஸ்' என்ற சத்தம் வரும். டீசலாக இருந்தால் கரும்புகையும் சேர்ந்து வரும்.

அடுத்தது எரிபொருள். பில்டர் அடைத்திருந்தாலும் பம்ப் தளர்ந்திருந்தாலும் மெதுவாகப் போகும்போது தெரியாது. வேகம் கூட்டும்போது அழுத்தம் விழும். இதைக் கேஜ் வைத்து அளந்து பார்க்கலாம், ஊகிக்க வேண்டியதில்லை. டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிரவைப்பதே பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்வில் ஓட்டினால் பம்பின் ஆயுள் குறையும். டீசல் பில்டரில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும்.

இப்போது எல்லாப் பழியும் எத்தனால் மேல் விழுகிறது. 20 சதவீத எத்தனால் கலப்பால், அதற்கென வடிவமைக்காத கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. நேற்றுவரை ஓடிய கார் இன்று பாதி வேகத்தில் நின்றுபோவதற்கு அது விடையாகாது. டேங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரி.

தீப்பொறியும் புகைப் பாதையும்

திக்கித் திக்கிப் போனால் பிளக்கையும் காயிலையும் சந்தேகிக்கலாம். சுமை கூடும்போது சிலிண்டரில் அழுத்தம் ஏறும். அப்போது பலவீனமான காயிலால் தீப்பொறியைப் பாய்ச்ச முடியாது. இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அது அடைத்தாலும் புகை வெளியேற முடியாமல் இழுவை போய்விடும்.

2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 டீசல் கார்களில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சுமார் 600 டிகிரி சூட்டில்தான் அந்தக் கரி எரிந்து போகும். கடைத்தெருவுக்கும் தோட்டத்துக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் அந்தச் சூடு வராது. வடிகட்டி அடைத்து, வண்டியின் கம்ப்யூட்டர் தானாகவே சக்தியைக் குறைத்துவிடும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டுவதே இதற்கு நல்லது.

இன்ஜினில் குறையே இல்லாமலும் இருக்கலாம். ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தில் மட்டும் சூடு வீசினால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஸ்கேனர் சொல்வது என்ன?

இன்று சிற்றூர் பட்டறைகளுக்கும் ஸ்கேனர் வந்துவிட்டது. நல்ல கருவிதான். ஆனால் அதில் வரும் கோட் காட்டுவது எந்த இடத்தில் சிக்கல் என்பதை மட்டுமே. பி0171 என்று வந்தால், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று பொருள். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவார்கள். இருப்பதைச் சரியாகச் சொன்ன சென்சாருக்குத் தண்டனை அது. ஓடும்போதே திரையில் தெரியும் எண்களைப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் கூடுதலாகச் சேர்க்கும் பெட்ரோல், ஐடிலில் அதிகமாக இருந்து ஆர்பிஎம் ஏறியதும் குறைந்தால், எங்கோ காற்று கசிகிறது என்று சந்தேகிக்கலாம். மிதிக்க மிதிக்கக் கூடினால் பம்ப், பில்டர், காற்றை அளக்கும் சென்சார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வண்டியை விடும்போது குறை எப்போது வருகிறது என்று விவரமாகச் சொல்லுங்கள்: குளிர்ந்த இன்ஜினிலா, சூடேறிய பிறகா, எந்த கியரில், டேங்கில் எவ்வளவு இருந்தபோது, கடைசியாக எங்கே எரிபொருள் போட்டீர்கள். மெக்கானிக்கை உட்காரவைத்து ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். பாகம் மாற்ற வேண்டும் என்றால், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று கேளுங்கள். சோதித்துப் பார்க்கும் நேரத்துக்கும் மெக்கானிக்குக் கூலி கொடுங்கள். தேவையில்லாமல் வாங்கும் ஒரு பம்பின் விலையை விட அந்தக் கூலி குறைவுதான்.