வங்காளியின் ‘உபன்யாஸ்’ நமக்கு நாவல்!

கொல்கத்தாவுக்குப் புதிதாக வேலைக்கு வரும் நம்மவரைக் காலேஜ் தெருப் புத்தகக் கடைகள் திகைக்க வைப்பதுண்டு. பக்கத்தில் நிற்கும் வங்காளி ‘உபன்யாஸ்’ கேட்பார். கடைக்காரர் காதல் கதை ஒன்றை எடுத்து நீட்டுவார்! உபன்யாசம் என்றால் நமக்குக் கோயில் மண்டபத்தில் ராமாயணம் சொல்வது. வங்காளிக்கோ அது நாவல். 1865-இல் வந்த பங்கிம் சந்திரரின் ‘துர்கேசநந்தினி’ அவர்களுடைய முன்னோடி உபன்யாஸ். 1879-இல் வந்த வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நமது முதல் நாவல். அவர்கள் வடமொழிச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள், நாம் ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டோம்.

நாடகத்திலும் இப்படி உண்டு. பழைய பாணி ஜாத்ராவில் ‘விவேக்’ என்றொரு பாத்திரம் பாடிக்கொண்டே நுழைந்து, தவறு செய்பவனை எச்சரிக்கும். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனும் கதைக்கு உள்ளே பாதி, வெளியே பாதி நிற்பவன்தான். ஆனால் இவன் சிரிக்க வைப்பான்.

பள்ளிப் பிள்ளைகளைக் குழப்பும் சொற்கள் வேறு: கதைப்பின்னல், உச்சகட்டம், குறியீடு, நோக்குநிலை. பாடப்புத்தக விளக்கத்தைவிட, தாகூர் 1892-இல் எழுதிய ‘காபூலிவாலா’ ஒன்றே போதும் என்பது என் கட்சி.

காபூலிலிருந்து பிழைக்க வந்த ரஹ்மத், மினி என்ற சிறுமியோடு பழகுகிறான், சிறைக்குப் போகிறான், திரும்பி வருகிறான். இது கதை. சால்வைக் கடனை ஒருவன் இல்லையென்று சாதித்ததால் கத்திக்குத்து, அதனால் சிறை, அந்த இடைவெளியில் மினி வளர்ந்துவிட்டதால் திரும்பி வந்த நாளே அவளுடைய கல்யாண நாள். இப்படிக் காரணத்தோடு கோப்பதுதான் கதைப்பின்னல். ரஹ்மத் சட்டைக்குள்ளிருந்து அழுக்குக் காகிதம் ஒன்றை எடுக்கிறான். விளக்குக் கரி பூசிப் பதித்த, ஊரிலுள்ள தன் மகளின் சின்னக் கை. அது உச்சகட்டம். அந்தக் காகிதமே குறியீடு.

எல்லாவற்றிலும் முக்கியம் நோக்குநிலை, அதாவது கதையை யார் கண்ணால் பார்க்கிறோம் என்பது. இங்கே சொல்பவர் மினியின் அப்பா. வீட்டில் உட்கார்ந்து தம் நாவலின் 17-ஆம் அத்தியாயத்தை எழுதுகிறவர். கொல்கத்தாவை விட்டு எங்கும் போகாதவர். நல்லவர்தான். கல்யாண விளக்கையும் பாண்டையும் குறைத்து, ரஹ்மத் ஊர் போகப் பணம் கொடுக்கிறார். ஆனாலும் அந்தக் கைத்தடத்தைக் காணும் வரை அவருக்கு ரஹ்மத் ஒரு காபூலி வியாபாரி மட்டுமே. அவன் தினமும் மினியைத் தேடி வந்தது ஏன் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்குகிறது, நமக்கும்தான். இத்தனை தாமதமாக நமக்குத் தெரியவைத்தது இந்த நோக்குநிலை.

ரஹ்மத்தே சொல்லியிருந்தால்? கதை மினி வீட்டு ஜன்னலோரம் தொடங்கியிராது. மகளின் கையில் கரி பூசிய இடத்தில் தொடங்கியிருக்கும். மினியின் அப்பா அதில் ஒரு சிறு பாத்திரமாக, தெருவோரத்து வீட்டுக்காரராக வந்துபோவார்.