காக்கை தெரியும் அல்லவா, அது போதும்

சிவகாசி, சாத்தூர்ப் பக்கமிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் நிறைய. ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுக்குப் பறவை பார்க்கலாமா என்று அவர்களில் ஒருவர் கேட்டால், தாராளமாக என்பேன். "ஒரு பறவை பேரும் தெரியாதே" என்ற தயக்கம் உடனே வரும். டீ ஆறுவதற்குள் அதைத் தீர்த்துவிடலாம்.

பறவை பார்ப்பது என்றால் பெரிய கேமராவோடு காட்டுக்குள் போய் அபூர்வமான ஒன்றைத் தேடுவது என்றே எல்லோரும் நினைக்கிறோம். அப்படித் தொடங்கியவர்கள் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள். தினமும் கண்ணில் படுகிற இரண்டு மூன்றை நன்றாகத் தெரிந்துகொண்டால் போதும், மற்றவை அவற்றை வைத்தே பிடிபடும். பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலிலும் சிட்டுக்குருவி அளவு, மைனா அளவு, காக்கை அளவு என்றுதான் பருமன் சொல்லியிருக்கிறார். அந்த அளவுகோல்கள் நம் தெருவிலேயே கிடைத்தவை.

சிங்கப்பூர்ச் சாப்பாட்டுக் கடையில் மேசைக்கடியில் ஒரு மைனா நடக்கும். நம்மூர் மைனாதானே என்று விட்டுவிடாமல் குனிந்து பார்ப்போம். நம்முடையது பழுப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இருக்கும். இது கருஞ்சாம்பல், அந்த மஞ்சள் தோல் இல்லை, அலகுக்கு மேலே சின்னக் கொண்டை குத்திட்டு நிற்கும். இதுதான் ஜாவா மைனா. கூண்டுப் பறவையாக வந்து, வெளியேறி, ஊரெங்கும் பெருகிவிட்டது. இந்த ஒரு வித்தியாசம் கண்ணில் பட்ட நாளிலேயே நாம் பறவை பார்க்கத் தொடங்கிவிட்டோம்.

அங்குள்ள காக்கை நம் காக்கையேதான். காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்ன இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுபோன காக்கைகள் அந்தப் பக்கமெல்லாம் பெருகின. காக்கைக் கூடு கிடைத்ததும் குயிலும் முட்டையிட வழி கண்டது; 1980களிலிருந்து அது சிங்கப்பூரிலேயே குடியிருக்கிறது. விடியுமுன் கூவுவது சிவந்த கண்ணுள்ள கறுப்பு ஆண்குயில்.

அது இலைக்குள் மறைந்திருக்கும், குரல்தான் வரும். வீட்டுக்குள் இருந்தபடியே வெடித்தது குருவி வெடியா லட்சுமி வெடியா என்று சொல்லுகிற காது நமக்கு உண்டே, அதே காதுதான் இங்கும். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியைக் கைப்பேசியில் இலவசமாக இறக்கிக்கொண்டால், குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு பறவையைத் தேடிப் பார்ப்பது நல்லது, இயந்திரமும் தவறும்.

பார்த்ததை நாள், இடம், எண்ணிக்கையோடு இபேர்டு (eBird) என்ற இணையதளத்தில் பதிந்து வைக்கலாம். பொங்கல் விடுப்பில் ஊருக்கு வந்தால் அதற்கென்றே ஒரு வாய்ப்பு உண்டு: 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கண்மாய்க் கரையில் கால் மணி நேரம் நின்று, உண்ணிக்கொக்கு, நீர்க்காகம், ஆட்காட்டி என்று கண்டதையெல்லாம் எண்ணிப் பதிந்தால் போதும். காக்கையை விட்டுவிட வேண்டாம். சாதாரணப் பறவை ஒன்று குறைந்துவருவது இப்படி எழுதிவைத்த கணக்கிலிருந்துதான் தெரியவரும்.